சோடாத் தண்ணீர்

போடிநாயக்கனூர்
24 ஆகஸ்ட் 2025

அன்புள்ள செல்விக்கு,

அக்கா சந்திரவல்லி எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். உன் ஒற்றைத் தலைவலி விட்டதா, நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா என்று எழுது.

இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாகக் குளியலறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு, கைபேசி வெளிச்சத்தில் என் நாக்கைப் பார்த்தேன். ஒரு கையில் விளக்கு, மறு கையில் கைக்குட்டையால் இழுத்துப் பிடித்த நாக்கு. நாற்பத்தைந்து வயதில் கண்ணாடிக்குப் பழிப்புக் காட்டும் பெண்ணை நீ பார்த்திருந்தால் சிரித்திருப்பாய். இடது ஓரத்தில் ஒரு வெள்ளைத் திட்டு. அதன் நடுவில் உளுந்து அளவுக்குச் சிவப்பாக ஒரு புண். ஆனி மாதம் வந்தது. பல் குத்துகிறது என்று நினைத்துப் பல் டாக்டரிடம் போய்ப் பல்லின் கூர்மையை ராவிக்கொண்டு வந்தேன். அப்படியும் போகவில்லை.

ஆப்பச்சோடாவை வெந்நீரில் கரைத்துக் கொப்பளித்தால் கொஞ்ச நேரம் எரிச்சல் அடங்குகிறது. ஒரு சின்ன பாட்டிலில் கலக்கிக் கைப்பையிலேயே வைத்திருக்கிறேன். அத்தைக்கு அது பெரிய வேடிக்கை. மலையில் நம் ஸ்டோரில் ஏலக்காயை உலர்த்தும் முன் பச்சை நிறம் போகாமலிருக்கச் சோடாக் கரைசலில் முக்குவார்கள் இல்லையா, அதை வைத்து, “காய்க்கும் சோடா, மருமக வாய்க்கும் சோடாவா? ரெண்டும் பச்சையா நிக்கட்டும்” என்கிறார்கள். அது வேறு சோடா, இது வேறு சோடா என்று நான் வேதியியல் பேசவில்லை.

இங்குள்ள பல் டாக்டர் மதுரைக்குப் போய்ப் புண்ணில் ஒரு துண்டு எடுத்துப் புற்றா என்று பார்க்கச் சொன்னார். மதுரைக்குப் போகச் சொன்னார் என்பதை மட்டும் உன் அத்தானிடம் சொன்னேன்.

நம் பெண் ஜோதிக்குச் சிலமலையில் பேசி முடித்துவிட்டோம். பையன் லிங்கேஸ்வரன், கோயம்புத்தூரில் வேலை. தையில் கல்யாணம். ஜோதிக்கு அவனை மிகவும் பிடித்திருக்கிறது. பேச வந்த அன்று சம்பந்தியம்மா, “உங்கம்மா எதுல தவறுனாங்க?” என்று என்னைக் கேட்டார்கள். நான் வாய் திறப்பதற்குள் அத்தை, “மாரடைப்பு” என்று சொல்லிவிட்டார்கள்.

போனில் இதையெல்லாம் பேச முடியாது. மணி அடித்தாலே ஸ்பீக்கரில் போடச் சொல்கிறார்கள். மெசேஜ் வந்தால் ஜோதி எடுத்துப் படித்துவிடுவாள். அதனால்தான் கடிதம். நீயும் வீட்டு முகவரிக்கு எழுதாதே. என் சிநேகிதி தேவியின் தையல் கடைக்கு எழுது. முகவரி உறையின் பின்னால் இருக்கிறது.

உன் ஆராய்ச்சியில் ஏதோ வெளிச்சம் காட்டிப் புற்றைப் பார்ப்பதாகச் சொன்னாயே. கத்தி இல்லாமல் பார்த்துவிட முடியுமா?

அன்புடன்,
அக்கா

*

பெங்களூரு
1 செப்டம்பர் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

செல்வி எழுதுகிறேன். தலைவலி பரவாயில்லை. ஜோதியின் சேதி கேட்டு ஆய்வகத்தில் எல்லோருக்கும் கடலை மிட்டாய் வாங்கிக் கொடுத்தேன். அத்தைக்கும் அத்தானுக்கும் என் வணக்கத்தைச் சொல். எதற்கு என்று கேட்டால் சும்மா என்று சொல்.

நீ கேட்டதற்கு வருகிறேன். புற்று பிடித்த சதைக்குப் பசி அதிகம். சர்க்கரையை அவசரமாகத் தின்றுவிட்டு, மிஞ்சும் புளிப்பைத் தன்னைச் சுற்றி வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும். ருசியில் தெரியாத அளவுப் புளிப்பு. நாங்கள் செய்யும் சாயம் அதைக் கண்டுகொள்ளும். நல்ல சதையில் பட்டால் தூங்கும். புளிப்பு இருக்கும் இடத்தில் பட்டால் விழித்துக்கொள்ளும். பச்சை விளக்கைக் காட்டினால் அந்த இடம் மட்டும் செம்மஞ்சளாக, தணல் போல ஒளிரும். முதன்முதலில் அதைப் பார்த்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அறுவை சிகிச்சையில் எடுத்த, யாரோ ஒருவருடைய சதைத் துண்டு அது. அதில் ஓரமாக ஒரு தீப்பொறி.

இப்போது மதுரையில் ஒரு பல் மருத்துவமனையில் ஆட்களின் வாயிலேயே தடவிப் பார்க்க அனுமதி கிடைத்திருக்கிறது. அங்குள்ள டாக்டரம்மாவிடம் உன் பெயரைச் சொல்லியிருக்கிறேன். வலிக்காது.

ஆனால் இரண்டு விஷயம். ஒன்று, ஒளிர்ந்தால் புற்று, ஒளிராவிட்டால் இல்லை என்று எங்களால் இன்னும் சொல்ல முடியாது. அதைத் தெரிந்துகொள்ளத்தான் இந்தச் சோதனையே. எது வந்தாலும் துண்டு எடுத்துப் பார்த்தே ஆக வேண்டும். இரண்டு, முந்தின இரவிலிருந்து சோடாவைத் தொடாதே. சோடா புளிப்பைக் கொன்றுவிடும். சாயம் தூங்கிக்கொண்டே இருக்கும். பி.எஸ்ஸி. வேதியியலில் கல்லூரிக்கே இரண்டாவதாக வந்தவளுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

சீக்கிரம் போ அக்கா. வேறொன்றும் எழுதவில்லை.

உன்,
செல்வி

*

போடிநாயக்கனூர்
21 செப்டம்பர் 2025

அன்புள்ள செல்விக்கு,

நலம். உன் நலமறிய ஆவல். அங்கே மழையா? இங்கே சாரலோடு சரி.

மதுரைக்குப் போய் வந்தோம். அத்தானும் கூட வந்தார். ஆண்டிபட்டி தாண்டும்வரை அவர் ஏலச் சந்தை நிலவரம் பேசிக்கொண்டு வந்தார். அதற்குப் பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். மருத்துவமனையில் நல்ல கூட்டம். நீண்ட நேரம் உட்கார்ந்திருந்தோம். கூப்பிடப் போகிறார்கள் என்றதும் எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

நர்சம்மா, “வாயில ஏதும் வச்சீங்களா? கொப்பளிச்சீங்களா?” என்று கேட்டார். என்னைப் பார்த்துத்தான் கேட்டார். அத்தான், “காலைலருந்து பச்சத் தண்ணி கூடப் படலம்மா” என்றார். அவருக்குத் தெரிந்ததை அவர் சொன்னார். நர்சம்மா எழுதிக்கொண்டார்.

அறையை இருட்டாக்கினார்கள். டாக்டரம்மா ரொம்பச் சின்னப் பெண். உன் சாயத்தைப் பஞ்சில் தொட்டு நாக்கின் ஓரத்தில் தடவினார். உப்புக் கரித்தது. நீ செய்தது என் வாய்க்குள் வந்துவிட்டதே என்று நினைத்துக்கொண்டேன். பச்சை விளக்கைப் பிடித்தார்கள். பக்கத்துத் திரையில் என் நாக்கு தெரிந்தது. ஒன்றுமே ஒளிரவில்லை. மலையில் மின்சாரம் போன பிறகு பார்க்கும் பள்ளத்தாக்கு மாதிரி இருந்தது.

“ஒளிரல. ஆனா எனக்குப் பாக்க நல்லாப் படல. துண்டு எடுத்துரலாம்மா, சின்ன வேலதான்” என்றார் டாக்டரம்மா.

“அதான் வெளிச்சமே வரலயே டாக்டர்! வீட்ல விசேசம் வச்சிருக்கோம். அடுத்த வாரம் நானே கூட்டிட்டு வர்றேன்” என்றார் அத்தான். அவர் முகத்தில் அவ்வளவு சந்தோஷத்தை ஜோதி பிறந்த அன்று பார்த்தது. அந்த இருட்டிலும் தெரிந்தது.

திரும்பும்போது உசிலம்பட்டியில் பஸ் நின்றதும் இறங்கிப் போய் ஜிலேபி வாங்கினார். வீட்டில் அத்தை, “நாக்குப் புண்ணுக்கு மதுரைக்குப் போன மகராசி இவதான். மொளகாயக் கொறைன்னா கேக்கறாளா?” என்று சொல்லி முதல் ஜிலேபியை என் வாயில் திணித்தார்கள். தின்றேன்.

நீ என்ன சொன்னாய் என்று என்னைக் கேட்பாய். எனக்கும் சேர்த்து எல்லோரும் பேசிவிட்டார்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா

*

பெங்களூரு
29 செப்டம்பர் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். ஒளிரவில்லை என்று படித்ததும் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். முதலில் சந்தோஷம்தான். அடுத்த நிமிடம் ஆராய்ச்சிக்காரி வந்து உட்கார்ந்துகொண்டாள்.

ஆனியிலிருந்து ஆறாத புண் அது. வெள்ளைத் திட்டு வேறு. அதன் மேல் எங்கள் சாயம் இப்படி முழு இருட்டாக இருப்பது எனக்குப் புரியவில்லை. சாதாரணப் புண்ணில்கூட மங்கலாக ஏதாவது தெரியும். சாயத்தில் கோளாறு இருக்கலாம், விளக்கில் இருக்கலாம். அதற்காகத்தான் கேட்கிறேன், உன்னைச் சந்தேகப்பட்டு இல்லை:

அன்றைக்குச் சோடாவைத் தொடாமல் இருந்தாயா?

துண்டு எடுக்க எந்த நாள்?

இந்த இரண்டுக்கும் ஒரு வரி எழுதினால் போதும். அஞ்சலட்டை போதும்.

ஜோதியின் புடவைக்கு நான் பணம் அனுப்புவேன். மறுக்காதே. சித்தி புடவை என்று ஒன்று இருக்க வேண்டும்.

உன்,
செல்வி

*

போடிநாயக்கனூர்
26 அக்டோபர் 2025

அன்புள்ள செல்விக்கு,

எல்லோரும் நலம். பதில் எழுதத் தாமதம். கோபித்துக்கொள்ளாதே. பண்டிகை வந்தது, அதன் பின்னாலேயே மழையும் வந்தது. குரங்கணி பக்கம் பாதையில் மண் சரிந்துவிட்டதாம். போடிமெட்டுச் சாலை தப்பியது. போன வாரம் நானும் ஜீப்பில் மலைக்குப் போய் வந்தேன். ஸ்டோரில் ஆள் பற்றவில்லை என்று அத்தான் கூட்டிப் போனார்.

நல்ல காய்ப்பு. சோடாத் தொட்டியை அழகுமலை பார்த்துக்கொள்கிறார். “யம்மா, காயி கல்யாணப் பொண்ணு கணக்கா மினுங்கணும். ஏலத்துக்கு வர்றவன் மொகத்தைத்தான பாக்கறான்” என்றார். ஜோதிக்கு என்று ஒரு சின்ன மூட்டை தனியாக எடுத்துவைத்திருக்கிறார். பொறுக்கியெடுத்த பருத்த காய். பாயசத்துக்காம். ஊரில் உள்ள எல்லோருக்கும் அவள் கல்யாணம் தங்கள் கல்யாணமாக இருக்கிறது.

முகூர்த்தப் புடவை அரக்கும் பச்சையும். உன் புடவை மாந்தளிர் நிறம். ஜோதி அதைத்தான் ஐந்து முறை உடுத்திப் பார்த்துவிட்டாள். லிங்கேஸ்வரன் தினமும் போன் செய்கிறான். அவள் மாடிக்கு ஏறிவிடுகிறாள். “மாடி வாடகை தனியாக் குடுறீ” என்கிறார்கள் அத்தை. வீடு நிறையச் சிரிப்பாக இருக்கிறது, செல்வி. இந்த வீட்டில் நான் இவ்வளவு சிரிப்பைக் கேட்டதில்லை.

நான் கொஞ்சம் இளைத்திருக்கிறேன். தயிர்ச் சோறுதான் இறங்குகிறது. “எனக்குக் கல்யாணம்னதும் நீ எதுக்கும்மா டயட் இருக்க?” என்று ஜோதி கிண்டல் செய்கிறாள். பழைய ரவிக்கைகளைத் தேவி பிடித்துத் தைத்துக் கொடுத்தாள். உன் கடிதத்தையும் அவள்தான், “ஒனக்கு லவ் லெட்டர்” என்று துணிக்குள் வைத்துக் கொடுத்தாள்.

குளிர் ஆரம்பித்திருக்கும். காதை மூடிக்கொண்டு வெளியே போ.

அக்கா

*

பெங்களூரு
3 நவம்பர் 2025

அக்கா,

நான் நலமில்லை. அதனால் நலம் என்று எழுதவில்லை.

இரண்டு கேள்வி கேட்டேன். நீ மூன்று பக்கம் எழுதினாய். மண் சரிவு இருக்கிறது, புடவை இருக்கிறது, அழகுமலை இருக்கிறார். பதில் இல்லை.

நாம் இருவரும் இருபத்து நான்கு வருடமாகப் பேசாத ஒன்றை எழுதப் போகிறேன். அம்மாவுக்கு மாரில் கட்டி தெரிந்தது ஆவணியில். உனக்கு நிச்சயமாகியிருந்த சமயம். யாரிடமும் சொல்லவில்லை. தையில் உன் கல்யாணம் முடிந்து, மறுவீடு முடிந்து, மாசியில்தான் டாக்டரிடம் காட்டினாள். அடுத்த தீபாவளிக்கு அவள் இல்லை. எனக்குப் பன்னிரண்டு வயது. நீ புருஷன் வீட்டில் இருந்தாய். அம்மாவுக்குப் புண்ணைத் துடைத்துவிட்டவள் நான்.

உன்னைக் குறை சொல்லவில்லை. உனக்கு எதுவும் தெரியாது. ஆனால் நான் ஏன் இந்தச் சாயத்தைக் கட்டிக்கொண்டு அழுகிறேன் என்று நினைக்கிறாய்? யாராவது ஒருத்தி சொல்லாமல் மறைத்தாலும், அவள் சதை தானாக ஒளிர்ந்து காட்டிக் கொடுத்துவிட வேண்டும் என்றுதான்.

நீ சோடா கொப்பளித்தாயா?

இந்த வாரம் வீட்டுக்குப் போன் செய்வேன். ஸ்பீக்கரானாலும் சரி.

செல்வி

*

போடிநாயக்கனூர்
23 நவம்பர் 2025

அன்புள்ள செல்விக்கு,

நீ போன் செய்தாய். “தங்கச்சியா? ஸ்பீக்கர்ல போடுத்தா, நானும் கேக்கறேன்” என்றார்கள் அத்தை. கூடத்தில் பந்தல்காரர் இருந்தார், பத்திரிகை எழுத வந்த பெரியப்பா இருந்தார். நீ, “அக்கா, நாக்கு எப்படி இருக்கு?” என்று கேட்டாய். நான் பதில் சொல்வதற்குள் அத்தை, “நாக்கு நல்லா நீளமாத்தான் இருக்கு!” என்றார்கள். கூடமே சிரித்தது. நானும் சிரித்தேன். நீ வைத்துவிட்டாய். வைத்த சத்தம்கூட ஸ்பீக்கரில் எல்லோருக்கும் கேட்டது.

இப்போது பதில் எழுதுகிறேன்.

ஆமாம். முகம் கழுவப் போனேன் என்று எழுதினேன் அல்லவா, அப்போதுதான். பாட்டில் கைப்பையில் இருந்தது. எரிந்தது என்பது உண்மை. உன் கடிதத்தில் படித்தது நினைவில் இருந்தது என்பதும் உண்மை. தண்ணீரை வாயில் வைத்துக்கொண்டு கண்ணாடியில் என்னையே பார்த்துக்கொண்டு நின்றேன். வெளியே அவர், நான் கழற்றிவிட்டு வந்த செருப்பை யாரும் மிதித்துவிடாமல் தன் காலருகே இழுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். துப்பிவிட்டு, இன்னொரு வாய் ஊற்றிக் கொப்பளித்தேன். அன்று ஒரு நாள் வீடு சந்தோஷமாக இருக்கட்டும் என்று நினைத்தேன். பிறகு அந்த ஒரு நாளிலிருந்து இறங்க வழி தெரியவில்லை.

அத்தானுக்குத் தெரியும். சோடா தெரியாது, மற்றது தெரியும். போன வாரம் வாஷ்பேசினில் ரத்தத்தைப் பார்த்துவிட்டார். பின்னால் நின்றவர் குழாயைத் திறந்துவிட்டு, அது ஓடி மறையும்வரை பார்த்துக்கொண்டு நின்றார்.

“ரொம்ப நாளா இருக்கா?”

“கொஞ்ச நாளா.”

“அன்னைக்கு வெளிச்சம் வரலயே?”

“வரல.”

தலையைப் பிடித்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தார். “தை முடியட்டும் சந்திரா. மறுவீட்டு விருந்து முடிஞ்ச மறுநாளே கூட்டிட்டுப் போறேன். எங்க சொன்னாலும் கூட்டிட்டுப் போறேன். இப்பப் போயி ஊருக்குள்ள ஒரு பேச்சு வந்துச்சுன்னா சிலமலைக்காரங்க நிப்பாங்களா? தாயிக்கும் இது, தாயப் பெத்தவளுக்கும் இதுன்னா, நாளைக்கு நம்ம புள்ளைக்கும் வரும்னுதான சொல்லுவாங்க?”

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் கெட்டவர் இல்லை, செல்வி. பிறகு சொன்னார்: “ஒங்கம்மாவும் நம்ம கல்யாணம் முடியற வரைக்கும் பொறுத்துக்கிட்டாங்கள்ல. அந்த மாதிரி மனுசி ஊருல உண்டா?”

பெருமையாகத்தான் சொன்னார். இத்தனை வருடமாக இந்த வீட்டில் அம்மாவைப் பற்றிச் சொல்லப்படும் ஒரே நல்ல வார்த்தை அதுதான் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

எனக்குத் தெரியாது என்று நீ எழுதினாய். அதற்கு நான் பதில் எழுதப் போவதில்லை. இப்போது வேண்டாம்.

இந்த வீட்டில் எனக்கு எல்லாக் கதவும் திறந்துதான் இருக்கிறது. ஒவ்வொரு கதவிலும் என்மேல் பிரியமாக ஒருவர் நிற்கிறார். அதனால்தான் வெளியே போக முடியவில்லை.

அத்தானுக்குப் போன் செய்யாதே. ஜோதியிடம் சொல்லாதே. எனக்கு வாக்குக் கொடு. நன்றாகச் சாப்பிடு.

அக்கா

*

பெங்களூரு
30 நவம்பர் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

வாக்குத் தர மாட்டேன். ஆனால் இன்னும் யாருக்கும் போன் செய்யவில்லை. கைபேசியை எடுத்து ஜோதியின் பெயர்வரை போய்விட்டு வைத்துவிட்டேன், பல முறை. சொன்னால் நீ இனி எனக்கு எழுத மாட்டாய். எழுதாவிட்டால் நீ எப்படி இருக்கிறாய் என்பதும் எனக்குத் தெரியாமல் போகும். சொல்லாவிட்டால் அம்மா விஷயத்தில் நடந்ததை இந்த முறை விவரம் தெரிந்த வயதில் வேடிக்கை பார்ப்பேன். நீ மட்டுமா மாட்டிக்கொண்டிருக்கிறாய்?

டாக்டரம்மாவிடம் ஒன்று மட்டும் சொன்னேன். அன்று வந்தவர்களில் ஒருவர் சோடா கொப்பளித்திருக்கிறார், அந்தப் பதிவைக் கணக்கில் சேர்க்க வேண்டாம் என்று. யார் என்று நான் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. “அவங்களை வரச் சொல்லுங்க. செவ்வாயும் வெள்ளியும் நான் இருப்பேன். சாயமெல்லாம் வேணாம், நேரா துண்டு எடுத்துப் பாத்துரலாம்” என்றார். பிறகு, “நாக்குல சீக்கிரம் பாத்தா நல்லாப் பொழைக்க வைக்கலாம். சீக்கிரம் பாத்தா” என்றார். இரண்டாவது முறை சொன்னது எனக்காக இல்லை.

நான் கிளம்பி வந்து உன்னைக் கூட்டிப் போகட்டுமா? தையல் கடைக்குத் தந்தி போல ஒரு வரி போடு. வருகிறேன். வீடு என்ன கேட்டாலும் கேட்கட்டும்.

எனக்கு இப்போதெல்லாம் அந்தச் செம்மஞ்சளைப் பார்க்கவே பிடிக்கவில்லை. சதையைப் பேச வைத்துவிடலாம் என்று நினைத்தேன். அதையும் ஒரு வாய்ச் சோடாத் தண்ணீர் அடக்கிவிட்டது.

உன்,
செல்வி

*

போடிநாயக்கனூர்
14 டிசம்பர் 2025

அன்புள்ள செல்விக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாளுக்கு மேல் ஆகிறது. மாந்தளிர்ப் புடவைக்குள் வைத்திருந்தேன். நீ நன்றாகச் சாப்பிட்டு, நன்றாகத் தூங்கி இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன்.

நேற்று மதியம் ஜோதி என் கல்யாண ஆல்பத்தைத் தூக்கிக்கொண்டு வந்து என் மடியருகே உட்கார்ந்தாள். மண்டபத்தில் திரையில் ஓட்டுவதற்குப் பழைய படங்கள் வேண்டுமாம். கைபேசியால் ஒவ்வொன்றாகப் படம் பிடித்தாள். அத்தான் மீசையைப் பார்த்து ஒரு பாட்டம் சிரித்தாள். “சித்தி என்ன இப்படி ரெட்டைச் சடையோட மொறைச்சிட்டு நிக்குது?” என்றாள். தாலி கட்டிய பிறகு எடுத்த படம் வந்தது. எனக்குப் பின்னால் அம்மா நிற்கிறாள். எல்லோரும் அட்சதை போடக் கையை உயர்த்தியிருக்கிறார்கள். அம்மா மட்டும் இடது கையை விலாவோடு இறுக்கி வைத்துக்கொண்டு, வலது கையால் போடுகிறாள். சிரிக்கிறாள்.

“யம்மா, அம்மாச்சி ஏன் கைய இப்படி வச்சிருக்காங்க?”

“புடவை நழுவுதுன்னு புடிச்சிருப்பாங்க.”

“பின் குத்தின புடவை எப்படிம்மா நழுவும்? தோள்ல பின்னு தெரியுதே.”

அவள் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். “நீ வேற ஏம்மா எப்பப் பாத்தாலும் வாயப் பொத்திக்கிட்டே சிரிக்கற? வீடியோக்காரர் வரும்போதாவது கைய எடுத்துரு. இல்லன்னா நாளைக்கு எம் மகளும் இதையே கேப்பா” என்று சொல்லிவிட்டு அடுத்த பக்கத்தைத் திருப்பினாள்.

அவளுக்குத் தெரிந்து சொன்னதில்லை. அடுத்த படத்துக்குப் போய்ச் சிரிக்க ஆரம்பித்துவிட்டாள்.

எனக்கு எதுவும் தெரியாது என்று எழுதினாயே, செல்வி. கல்யாணத்துக்கு முதல் நாள் அம்மா எனக்குத் தலை பின்னும்போது கையைத் தூக்க முடியாமல் சீப்பைக் கீழே போட்டாள். என்னம்மா என்றேன். ஒன்றுமில்லை, சுளுக்கு என்றாள். சுளுக்கு இல்லை என்று எனக்குத் தெரிந்தது. என்ன என்று தெரியவில்லை, சுளுக்கு இல்லை என்று மட்டும் தெரிந்தது. நான் மறுபடி கேட்கவில்லை. கேட்டால் கல்யாணம் நின்றுவிடுமோ என்று இருந்தது. அவ்வளவுதான் என் வயது. அதற்குப் பிறகு எந்தக் கல்யாண வீட்டிலும் எனக்குச் சாப்பாடு இறங்கியதில்லை. அம்மா எனக்குக் கொடுத்த சீர் அது. அத்தான் அதைப் பெருமை என்கிறார். நான் அதைத்தான் ஜோதிக்கு எடுத்துவைத்துக்கொண்டிருந்தேன், புடவையோடும் அழகுமலையின் ஏலக்காயோடும் சேர்த்து.

சிலமலைக்காரர்கள் போவதானால் போகட்டும் என்று எழுத நினைக்கிறேன். கை வரவில்லை. ஜோதி மாடியில் நின்று போனில் சிரிப்பது எனக்கு இப்போதும் கேட்கிறது. அவன் நிற்பானா என்று தெரியாது. நின்றால் தெரிந்து நிற்கட்டும். அழுதாலும் அவள் என்னைப் பார்த்து அழட்டும். ஒரு படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டாம்.

நீ வர வேண்டாம். நீ வந்தால் நீ கூட்டிப் போனதாக ஆகிவிடும்.

நாளை மறுநாள் செவ்வாய், மார்கழி பிறக்கிறது. விடியும் முன் கோலக்கூடையோடு வாசலுக்குப் போகும் பெண்ணை இந்த ஊரில் யாரும் எங்கே என்று கேட்க மாட்டார்கள். வாசல் தெளித்து, கோலத்தைப் போட்டு முடித்துவிட்டு, கூடையைப் படியிலேயே வைத்துவிட்டு, அப்படியே பஸ் நிலையத்துக்கு நடந்துவிடுவேன். மதுரைக்கு முதல் பஸ். பஸ் ஏறிய பிறகு அத்தானுக்குப் போன் செய்வேன். திரும்பி வந்ததும் ஜோதியை மாடிக்குக் கூட்டிப் போய் எல்லாவற்றையும் சொல்வேன். உன் அத்தான் கோபப்படுவார், பிறகு பஸ் ஏறி என் பின்னாலேயே வருவார் என்று நினைக்கிறேன். வராவிட்டாலும் நர்சம்மா கேட்பதற்கு நானே பதில் சொல்வேன்.

இதை இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. இந்தக் கடிதத்தை நாளை தபாலில் போடுவேன். இது உன் கைக்கு வரும்போது துண்டு எடுத்திருப்பார்கள்.

பாட்டிலில் பாதிக்குமேல் சோடாத் தண்ணீர் இருக்கிறது. கைப்பையிலிருந்து எடுத்து அலமாரியில் வைத்துவிட்டேன். அன்று காலை கொப்பளிக்க மாட்டேன். எரியட்டும்.

அன்புடன்,
அக்கா